உங்களுக்குத் தெரியுமா? அகதியின் உழைப்பும் அரசுகளின் பேரமும்

● ஜோர்டானில் தைத்த சட்டை ஐரோப்பாவுக்குள் சுங்கவரி இல்லாமல் நுழைய வேண்டுமா? அதைத் தைக்கும் ஆட்களில் 15 சதவீதம் பேர் சிரிய அகதிகளாக இருக்க வேண்டும் என்றிருந்தது. மூன்றாம் ஆண்டிலிருந்து 25 சதவீதம். 2016 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் ஜோர்டானும் கூடிப் பேசி எழுதிக்கொண்ட கணக்கு இது. 52 வகைப் பொருள்கள், 18 தொழிற்பேட்டைகள், பத்து ஆண்டுத் தவணை.

இதற்கு அடித்தளம் போட்டது அதே ஆண்டு பிப்ரவரி 4 அன்று லண்டனில் நடந்த மாநாடு. சிரியர்களுக்கு 2 லட்சம் வேலைவாய்ப்புகள் என்று ஜோர்டான் வாக்குக் கொடுத்தது. பதிலுக்கு நிதியுதவியும் சலுகைக் கடனும் ஐரோப்பியச் சந்தையும் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டி ஐரோப்பாவில் கரையேறியிருந்தார்கள். அடுத்த அலை ஜோர்டானிலேயே நின்றுவிட வேண்டும் என்ற ஐரோப்பாவின் அவசரம் இந்தத் தாராளத்துக்குப் பெரிய காரணம். தொழிற்பேட்டைகளில் அகதிகளுக்கு வேலை என்ற யோசனையை முன்வைத்தவர்கள் ஆக்ஸ்போர்டு பேராசிரியர்கள் அலெக்சாண்டர் பெட்ஸ், பால் கோலியர்.

● பேட்டைகள் தயாராக இருந்தன, சிரியர்கள் வரவில்லை. ஏன்? ஜோர்டானின் ஆயத்த ஆடை ஆலைகளில் ஏற்கெனவே வங்கதேசம், இலங்கை, இந்தியா, நேபாளத்திலிருந்து வந்த பெண்கள்தான் பெரும்பாலும் தையல் எந்திரத்தின் முன் இருந்தார்கள். ஆலை விடுதியில் தங்கி, கூடுதல் நேரமும் பார்த்து, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். சிரியப் பெண்ணின் நிலைமை வேறு. அவளுக்குப் பிள்ளைகள் கூடவே இருக்கிறார்கள். விடுதியில் தங்க முடியாது. வீட்டிலிருந்து பேட்டைக்குப் போய்வரவே பல மணி நேரம் ஆகிவிடும். அந்தச் சம்பளத்தில் ஜோர்டானின் வீட்டு வாடகையைக் கட்டவும் முடியாது. தெற்கு சிரியாவின் தராவிலிருந்தும் அதைச் சுற்றிய கிராமங்களிலிருந்தும் வந்த ஆண்களுக்கோ விவசாயமும் கட்டட வேலையும் கடை வியாபாரமும்தான் கைவந்த தொழில். இவற்றையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். லண்டன் மேசையில் அப்படிக் கேட்டதற்கான அடையாளம் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

● அந்த ஏற்பாட்டில் உண்மையில் பலன் தந்தது தொழிற்பேட்டைக்கு வெளியே நடந்த ஒரு சிறிய திருத்தம். வழக்கமாக ஒரு வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். தக்காளிக்கு ஒரு வயல், வெள்ளரிக்கு இன்னொரு வயல் என்று பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் கூலியாளுக்கு அதனால் என்ன பயன்? எனவே விவசாயத்தில் கூட்டுறவுச் சங்கங்களும் கட்டட வேலையில் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் அனுமதி பெற்றுத் தரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். வழக்கமாக நூற்றுக்கணக்கான தினார் ஆகும் கட்டணத்தையும் சிரியர்களுக்குத் தள்ளுபடி செய்து, பத்து தினார் மட்டும் வாங்கினார்கள். 2017 ஆகஸ்ட்டில் ஜாத்தரி அகதிகள் முகாமுக்கு உள்ளேயே வேலைவாய்ப்பு அலுவலகம் திறந்தது. 2021-ல் மட்டும் சுமார் 62,000 அனுமதிகள் வழங்கப்பட்டன. ஆனால் மருத்துவம், பொறியியல், ஆசிரியப் பணி எல்லாம் சிரியர்களுக்கு மூடியே கிடந்தன. சிரியாவின் ஹோம்ஸ் நகரில் பாலம் கட்டிய பொறியாளர் ஜோர்டான் தலைநகர் அம்மானில் சட்டப்படி செங்கல் தூக்கலாம், வரைபடத்தில் கையெழுத்துப் போட முடியாது.

● அதே அம்மானில் சூடானியர், ஏமனியர், சோமாலியர் என்று வேறு அகதிகளும் வாழ்கிறார்கள். 2016 ஒப்பந்தம் அவர்களைத் தொடவே இல்லை. அவர்கள் ஓடி வந்த போரும் போர்தான். ஆனால் அவர்களுக்காக ஐரோப்பா யாரிடமும் பேரம் பேசவில்லை. சலுகைக் கட்டணமும் கிடைக்கவில்லை. லண்டன் மாநாட்டுக்கு இரண்டே மாதம் முன்பு, 2015 டிசம்பரில், நூற்றுக்கணக்கான சூடானியரை ஜோர்டான் விமானம் ஏற்றித் திருப்பி அனுப்பியது. அகதியின் தேவையைப் பார்த்து உரிமை வருவதில்லை, அவரை வைத்து என்ன வாங்கலாம் என்பதைப் பார்த்துத்தான் வருகிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

● 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் வேலைக்கென்றே மூன்று பிரிவுகள் இருக்கின்றன. 17-ஆவது கூலி, சம்பள வேலைக்கு. 18-ஆவது சொந்தத் தொழிலுக்கு. 19-ஆவது படித்துப் பட்டம் பெற்றுச் செய்யும் தொழில்களுக்கு. ஜோர்டான், லெபனான், இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து ஆகியவை இதில் சேரவில்லை. சேர்ந்த நாடுகளிலும் பல, 17-ஆவது பிரிவில் விலக்கு எழுதிவைத்துவிட்டுத்தான் கையெழுத்திட்டன.

● அகதிக்கு வேலை தேடித் தரும் பணி நூறாண்டுகளுக்கு முன்பே சர்வதேச அளவில் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் நாடற்றுப்போன ரஷ்யர்களுக்கு 1922 முதலும் ஆர்மீனியர்களுக்கு 1924 முதலும் நான்சென் கடவுச்சீட்டு கிடைத்தது. எந்த ஊரில் வேலை இருக்கிறதோ அந்த ஊருக்குப் போக அது வழிவிட்டது. 1925 முதல் 1929 வரை அகதிகளுக்கு வேலை பார்த்துக் கொடுக்கும் பொறுப்பை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே ஏற்றிருந்தது.

● லெபனானில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பாலஸ்தீனர் வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ தொழில் செய்ய முடியாது. ‘உன் நாடு எங்கள் ஆட்களுக்கு அந்த உரிமையைத் தந்தால், நாங்கள் உனக்குத் தருகிறோம்’ என்பது அங்குள்ள தொழில் சங்கங்களின் விதி. உரிமையைப் பதிலுக்குத் தர பாலஸ்தீனருக்கு நாடு எங்கே இருக்கிறது? 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். சாதாரண வேலைகளுக்கு வழி கொஞ்சம் திறந்தது, இந்தத் தொழில்களின் கதவு திறக்கவில்லை.

● துருக்கி 2016 ஜனவரியில் சிரியர்களுக்கு வேலை அனுமதி விதிகளை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தில் துருக்கியர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிரியர் இருக்கக் கூடாது. விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி. குறைந்தபட்சக் கூலி கட்டாயம். கூலியைக் குறைக்கத்தானே பல முதலாளிகள் சிரியரைத் தேடினார்கள், அவர்கள் ஏன் விண்ணப்பிக்கப் போகிறார்கள்? இன்னொரு முடிச்சும் இருந்தது. ஐரோப்பியப் பணத்தில் செம்பிறைச் சங்க அட்டை வழியாக ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைத்தது. வீட்டில் ஒருவர் பதிவான வேலையில் சேர்ந்தால் அந்தத் தொகை நின்றுவிடும். நாளைக்கே போய்விடக்கூடிய ஒரு வேலைக்காகக் கையிலிருக்கும் அட்டையை இழக்க எந்தத் தாய் துணிவாள்? கருங்கடல் கரையில் ஹேசல் கொட்டை பறிக்கவும் தையல் கூடங்களின் நிலவறைகளில் தைக்கவும் சிரியர்கள் பதிவில்லாமலே போனார்கள்.

● 2016 மார்ச் 18 அன்று அகதிகள் ஐரோப்பாவுக்குக் கடப்பதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் வெளியிட்ட கூட்டறிக்கையின் விலை முதலில் 300 கோடி யூரோ, பிறகு இன்னொரு 300 கோடி. துருக்கியர்களுக்கு விசா இல்லாப் பயணம் என்ற ஆசையும் காட்டப்பட்டது. 2020 பிப்ரவரி கடைசியில், சிரியாவின் இட்லிப்பில் துருக்கியச் சிப்பாய்கள் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட மறுநாள், ‘எல்லைக் கதவு திறந்திருக்கிறது’ என்று அங்காரா அறிவித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் பசார்குலே எல்லையில் போய்க் குவிந்தார்கள். ஒரு பக்கம் கதவு திறப்பு, மறுபக்கம் கிரேக்கக் காவலர்களின் கண்ணீர்ப்புகை. நடுவில் குளிரில் நின்ற குடும்பங்கள் இரண்டு அரசுகளுக்கும் இடையே அனுப்பப்பட்ட செய்தியாகிப் போயின.

● நைஜரின் அகதெஸ் நகரத்தில் சகாராவைக் கடக்கும் பயணிகளை வண்டியில் ஏற்றிச் செல்வது வெளிப்படையான தொழிலாக இருந்தது. ஐரோப்பாவின் தூண்டுதலில் 2015-ல் வந்த சட்டம் அதைக் குற்றமாக்கியது. வண்டிகள் பறிமுதலாயின, ஓட்டுநர்கள் சிறைக்குப் போனார்கள், பயணிகள் இன்னும் ஆபத்தான தடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். 2023 ஜூலையில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் நவம்பரில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, ஐரோப்பாவுக்குப் பதிலடியாக.

● எத்தியோப்பியாவுக்கும் இப்படி ஒரு பொட்டலம் போனது. 2016-ல் 50 கோடி டாலர் திட்டம்: தொழிற்பூங்காக்களில் ஒரு லட்சம் வேலைகள், அதில் 30 சதவீதம் அகதிகளுக்கு. 2019 ஜனவரியில் அகதிகளுக்கு வேலை உரிமை தரும் நல்ல சட்டமும் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் திக்ராய்ப் போர் மூண்டது. எரித்ரிய அகதிகள் தங்கியிருந்த ஷிமெல்பா, ஹிட்சாட்ஸ் முகாம்கள் அழிந்தன.

● கென்யாவின் ககூமா முகாமில் பள்ளி நடத்துவதும் மருத்துவமனையில் ஊசி போடுவதும் பெரும்பாலும் அகதிகளே. ஆனால் அவர்கள் வாங்கும் பணத்துக்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, ‘ஊக்கத்தொகை’. அதே வகுப்பில் அதே பாடம் நடத்தும் கென்ய ஆசிரியர் வாங்குவதில் சிறு பங்குதான். அனுதாபத்தோடு நடத்தப்படும் இடத்திலும் இந்த அநீதி பல ஆண்டுகளாக வழக்கமாகவே இருந்துவருகிறது. இதே ககூமாவில் 2,000-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் நடப்பதாக 2018-ல் உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் கணக்கெடுத்துச் சொன்னது.

● வங்கதேசத்தில் ரோஹிங்கியாக்களுக்கு வேலை செய்யச் சட்டத்தில் இடமே இல்லை. காக்ஸ் பஜார் முகாம்களில் அவர்கள் போட்ட மூங்கில் கடைகளை 2021-22 வாக்கில் புல்டோசர் வைத்துத் தள்ளினார்கள். 2023-ல் உலக உணவுத் திட்டத்திடம் பணம் இல்லாமல் போனதும் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படி மார்ச்சில் 10 ஆகவும் ஜூனில் 8 ஆகவும் சுருங்கியது. உழைக்கவும் கூடாது, சாப்பாடும் மூன்றில் இரண்டு பங்குதான். இந்த இரண்டையும் ஒருசேரச் சுமத்தினால் மனிதர்கள் படகுக்காரனைத் தேடித்தான் போவார்கள்.

● 2021 பிப்ரவரியில் கொலம்பிய அதிபர் இவான் டூக்கே ஒரே அறிவிப்பில் சுமார் 17 லட்சம் வெனிசுவேலியர்களுக்குப் பத்தாண்டுத் தங்கும் உரிமையும் வேலை உரிமையும் தந்தார். அப்போது இரு அரசுகளுக்கும் இடையே தூதரக உறவே அறுந்து கிடந்தது. கராகஸ் ஆட்சியை உலக அரங்கில் தனிமைப்படுத்தும் நோக்கமும் டூக்கேவுக்கு இருந்தது. இருக்கட்டும். இந்த ஏற்பாட்டில் ஒதுக்கீடும் இல்லை, தொழிற்பேட்டையும் இல்லை. அட்டை வாங்கியவர் தனக்குத் தெரிந்த வேலைக்குப் போகலாம். நான் அறிந்தவரை, இந்த நூற்றாண்டில் ஒரு நடுத்தர வருவாய் நாடு செய்த மிகப் பெரிய காரியங்களில் இது ஒன்று.

● ‘அகதிகள் வந்தால் நம் ஆட்களின் கூலி இறங்கிவிடும்’ என்ற அச்சத்தைச் சோதித்துப் பார்க்க மியாமியைவிடப் பேர்பெற்ற களம் கிடைத்ததில்லை. 1980 ஏப்ரலில் பிடல் காஸ்ட்ரோ மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட, அக்டோபருக்குள் 1,25,000 கியூபர்கள் படகேறி அமெரிக்கா வந்தார்கள். மியாமியின் உழைப்பாளர் தொகை சட்டென்று 7 சதவீதம் பெருகியது. உள்ளூர்க் கூலியிலும் வேலையின்மையிலும் அதனால் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று டேவிட் கார்ட் 1990-ல் காட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலி இறங்கியது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னர் மறுத்தார்; வாதம் இன்னும் ஓயவில்லை. கார்டுக்கு 2021-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

● அயர்லாந்தில் அடைக்கலம் கேட்டுக் காத்திருந்த மியான்மர்க்காரர் ஒருவர் எட்டு ஆண்டுகள் அரசு விடுதியில் அடைந்து கிடந்தார். வாரத்துக்கு 19 யூரோ கைச்செலவு. அவர் தங்கியிருந்த விடுதியிலேயே வேலை தர ஆள் இருந்தும் சட்டம் குறுக்கே நின்றது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: காலவரையறையே இல்லாமல் வேலைக்குத் தடை போடுவது அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. உழைப்பு மனித கண்ணியத்தோடு ஒட்டியது என்று ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் அகதிக்காகச் சொன்ன அரிய தீர்ப்பு இது. மறு ஆண்டே அந்த நாட்டில் விதி மாறியது.

● 2022 மார்ச் 4 அன்று, உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்த சுமார் ஒரு வாரத்தில், ஐரோப்பிய ஒன்றியம், 2001-ல் எழுதி ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்தது. லட்சக்கணக்கான உக்ரேனியர்கள் மாதக்கணக்கில் காத்திருக்காமல் வேலைக்குப் போகலாம் என்றானது. ஆப்கானியரும் எரித்ரியரும் அதே ஐரோப்பாவில் வேலைக்கு ஒன்பது மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனமிருந்தால் ஒரு வாரத்தில் முடியும் என்பதை ஐரோப்பாவே நிரூபித்துவிட்டது.

● 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறீமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரின் கதி பிறகு. பத்தாண்டு கழித்து, 1974-ல், அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தேயிலையை வளர்த்து இலங்கைக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்த உழைப்பாளிகள் அவர்கள். எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்ட பிறகு எண்ணிக்கையை வைத்தார்களா? இல்லை. எண்ணிக்கையை வைத்த பிறகுதான் விண்ணப்பப் படிவத்தையே கொடுத்தார்கள். தோட்டத்து லயங்களிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அண்ணன் ஏறினான், தங்கை நடைமேடையில் நின்றாள். வேறு பெயர் அதற்குப் பொருந்தாது.

● அவர்களுக்கு இந்தியா என்ன வேலை கொடுத்தது? சிலருக்குப் பொருத்தமான வேலை கிடைத்தது. அவர்களுக்காகவே 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. அதுதான் இன்றைய ‘டான்டீ’. கோத்தகிரி, கூடலூர், வால்பாறைப் பக்கம் கொழுந்து பறித்த கைகளுக்குக் கொழுந்தே கிடைத்தது. 1969-ல் தாயகம் திரும்பியோருக்கான கூட்டுறவு வங்கியும், அதாவது இன்றைய ரெப்கோ வங்கியும், பிறந்தது. நூற்பாலைகளில் கொஞ்சம் பேர் சேர்ந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கையில் கொடுக்கப்பட்டது வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் மட்டுமே வேலை பார்த்தவரைச் சமவெளியில் பெட்டிக்கடை வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? கடை போனது, கடன் நின்றது. ஜோர்டானில் விவசாயியைத் தையல் ஆலைக்கு அழைத்தது இதே பிழைதான். இங்கே அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து பார்த்தாயிற்று.

● மண்டபம் முகாமின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்கள் வந்திறங்கியதும் அங்கேதான். 1983 கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்த ஈழத்தமிழருக்கும் அதுவே முதல் கூரை.

● தமிழகத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 இலங்கைத் தமிழர் வாழ்கிறார்கள். அகதிகள் முகாம் என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று 2021-ல் தமிழக அரசு பெயர் மாற்றியது. 317 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி வீடுகளும் கட்டத் தொடங்கியது. இங்கே கூலி வேலைக்குப் போக யாரும் தடுப்பதில்லை. முகாம் ஆண்கள் பலருக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் தொழில்; விடியற்காலையில் தூரிகையும் பழைய உடுப்பும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். வெளியூர் வேலை தொலைவில் கிடைத்தாலும், முகாமில் பெயர் கூப்பிட்டுச் சரிபார்க்கும் நாளில் ஆள் இருந்தாக வேண்டும். பொறியியல் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லை, அதனால் அரசுப் பணி இல்லை; கடவுச்சீட்டு இல்லை, அதனால் வெளிநாட்டு வாய்ப்பு வந்தாலும் போக வழியில்லை. கடைசியில் அப்பாவோடு சேர்ந்து சாரத்தில் ஏறுகிற பட்டதாரியைப் பார்க்கும்போது, நாற்பதாண்டு உபசரிப்பில் இந்த ஒரு குறையை நாம் ஏன் இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டோம் என்று மனம் கேட்கிறது.

● இந்த முகாம்களில் மலையக வம்சாவளியினரும் கணிசமாக இருக்கிறார்கள். திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களைச் சேர்ந்தவர்கள் தொடுத்த வழக்கில், அவர்களது குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் ஒரு சின்ன ஆறுதல்: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், பயண ஆவணம் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று மத்திய அரசு அறிவித்தது. குடியுரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

● ஜெர்மனியில் சுமார் 6,000 சிரிய மருத்துவர்கள் வேலை செய்கிறார்கள். 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்ததும், சிரியர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று சில அரசியல்வாதிகள் உடனே பேசத் தொடங்கினார்கள். இவர்கள் போனால் சிறு நகர மருத்துவமனைகள் திணறும் என்று எச்சரித்தது மருத்துவமனைகளின் சங்கம்.

● தாய்லாந்தின் மேற்கு எல்லையில், மியான்மரிலிருந்து வந்த கரென், கரென்னி மக்களுக்கு ஒன்பது முகாம்கள் இருக்கின்றன; முதல் குடிசைகள் 1984-ல் எழுந்தன. வெளியே போய் வேலை செய்வது 2025 வரை சட்டவிரோதமாக இருந்தது. 2025-ல் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. அமெரிக்க உதவி வற்றியதில் முகாம்களின் உணவு விநியோகம் பெரும்பகுதி நின்றது. ஜூலையில் கம்போடியாவுடன் எல்லைச் சண்டை மூண்டு, கம்போடியத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள்; தாய்லாந்தின் பழத்தோட்டங்களிலும் கட்டடங்களிலும் ஆள் இல்லை. ஆகஸ்ட் 26 அன்று அமைச்சரவை, முகாமில் நெடுங்காலம் இருப்பவர்கள் சட்டப்படி வேலைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தது. அந்த முகாமில் பிறந்தவர்களில் மூத்தவர்களுக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருந்தது.